யாருடைய சல்லடை? பழைய விளையாட்டு அட்டைப் பெட்டிகள் குறித்து வாசகர் கேள்விகள்

சென்ற இதழில், கராஜ் விற்பனை ஒன்றில் 15 டாலருக்கு நான் வாங்கிய பிஸ்கட் டப்பாவைப் பற்றி இந்தப் பகுதியில் எழுதியிருந்தேன். அதில் இருந்த ஏறத்தாழ 300 பேஸ்பால் அட்டைகளில் (முன்புறம் வீரரின் படமும் பின்புறம் அவருடைய ஆட்டக் கணக்கும் அச்சிட்டு, எண்ணிட்ட தொகுப்புகளாக வெளியாகும் சேகரிப்பு அட்டைகள் இவை) ஒன்று, டாப்ஸ் நிறுவனம் 1968இல் வெளியிட்ட தொகுப்பின் 247ஆம் எண் அட்டை. இரண்டு இளைஞர்களின் சிறிய தலைப்படங்கள் மட்டுமே அதில் இருந்ததால் விற்றவர் அதைப் பொருட்படுத்தவில்லை. அந்த இருவரில் ஒருவர், பின்னாளில் சின்சினாட்டி அணியின் புகழ்பெற்ற கேட்சராக விளங்கிய ஜானி பெஞ்ச். மூலைகள் மழுங்கி, நடுவில் ஒரு மடிப்பும் விழுந்திருந்த அந்த அட்டை 50 டாலருக்குச் சற்று மேல் விலைபோயிற்று. அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். பெயர்களைத் தவிர்த்து ஊர்களை மட்டும் குறிப்பிட்டிருக்கிறேன்.

கேள்வி: ஐயா, எங்கள் தெருவில் வீட்டைக் காலி செய்தவரிடமிருந்து சுமார் 5,000 அட்டைகள் கொண்ட இரண்டு நீளப் பெட்டிகளை 40 டாலருக்கு வாங்கினேன். பார்த்தவரை எல்லாம் 1987 முதல் 1992 வரையிலான பேஸ்பால் அட்டைகள். முப்பது ஆண்டுகளுக்கு மேல் பழையவை என்பதால் நல்ல விலை போகும் என்று என் மகன் நம்புகிறான். அவனுடைய கல்லூரிச் செலவில் கொஞ்சமாவது இதில் தேறுமா?
எடிசன், நியூ ஜெர்சி

பதில்: தேறாது என்று முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. நீங்கள் கொடுத்த 40 டாலரைத் திரும்ப எடுப்பதே கடினம். பழமைக்கும் விலைக்கும் நேரடித் தொடர்பு இல்லை என்பதை இந்தத் துறையில் கற்றுத் தருவதே நீங்கள் வாங்கியிருக்கும் காலத்து அட்டைகள்தான்.

1950களின் நடுவிலிருந்து 1980 வரை டாப்ஸ் நிறுவனம் ஏறக்குறைய தனியாகவே இந்தச் சந்தையை ஆண்டது. 1980இல் வெளிவந்த நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றைத் தொடர்ந்து 1981இல் ஃப்ளீர், டான்ரஸ் ஆகிய நிறுவனங்களும், 1988இல் ஸ்கோரும், 1989இல் அப்பர் டெக்கும் களத்தில் இறங்கின. தங்கள் தாயார் குப்பையில் போட்ட 1950களின் அட்டைகள் ஏலத்தில் பெரும் தொகைக்குப் போவதைச் செய்தித்தாளில் படித்த ஒரு தலைமுறை, தன் பிள்ளைகளுக்காகப் பெட்டி பெட்டியாக வாங்கிப் பிரிக்காமல் பரணில் அடுக்கியது. நிறுவனங்களும் கேட்டவருக்கெல்லாம் அச்சடித்துத் தள்ளின. பேஸ்பால் நட்சத்திரம் மிக்கி மேண்டிலின் 1952ஆம் ஆண்டு அட்டை இன்று அரிதாக இருப்பதற்குக் காரணம், அன்று அதை யாரும் பத்திரப்படுத்தவில்லை என்பதே. விற்காமல் தேங்கிய 1952ஆம் ஆண்டு அட்டைகளைப் படகில் ஏற்றி அட்லாண்டிக் கடலில் கொட்டியதாக, டாப்ஸ் நிறுவனத்தில் அவற்றை வடிவமைத்த சை பெர்கரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். நன்றாகப் பேணப்பட்ட ஒரு மேண்டில் அட்டை 2022 ஆகஸ்டில் 1 கோடியே 26 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. உங்கள் பெட்டியில் உள்ளவற்றையோ எல்லோரும் பத்திரப்படுத்தினார்கள். ஆகவே மர நிற ஓரம் கொண்ட 1987 டாப்ஸ், நீல ஓரத்து 1988 டான்ரஸ், சிவப்பு ஓரத்து 1990 டான்ரஸ், மஞ்சள் ஓரத்து 1991 ஃப்ளீர் ஆகியவற்றை எங்கே பார்த்தாலும் வாங்குவதற்குக் கையை நீட்ட வேண்டாம்.

இருந்தாலும் வாங்கிவிட்டீர்கள், எனவே மகனோடு ஒரு மாலை உட்கார்ந்து சிலவற்றைத் தேடுங்கள். 1989 அப்பர் டெக் தொகுப்பின் முதல் எண்ணான கென் கிரிஃபி ஜூனியர் அட்டை ஏராளமாகக் கிடைப்பதுதான் என்றாலும், அதை விரும்புவோரும் ஏராளம் என்பதால் எப்போதும் விலைபோகும். 1990 டாப்ஸ் தொகுப்பின் 414ஆம் எண் ஃபிராங்க் தாமஸ் அட்டையின் முன்பக்கத்தில், கறுப்பு மை சரியாக விழாததால் அவர் பெயரே அச்சாகாத சில பிரதிகள் உண்டு. நல்ல நிலையில் இருந்தால் அவை ஆயிரக்கணக்கான டாலர் பெறும். 1991 டாப்ஸ் அட்டைகளில் பொன்னிறக் கேடய முத்திரை பதித்தவை வளைகுடாவில் இருந்த அமெரிக்கப் படையினருக்காக அனுப்பப்பட்டவை. அவற்றில் போலிகளும் உலவுகின்றன. 1991 டான்ரஸில் 'எலீட்' என்னும் தனித் தொடரில் ஒவ்வோர் அட்டைக்கும் 10,000 பிரதிகள் மட்டுமே, வரிசை எண் இட்டு வெளியாயின. 1992 பௌமன் தொகுப்பு இருந்தால் 302ஆம் எண் மரியானோ ரிவேராவைப் பாருங்கள்.

கேள்வி: இணையத்தில் 'யாரும் தேடிப் பார்க்காத பழைய பெட்டி' என்ற விளம்பரத்துடன் பலர் அட்டைகளை மொத்தமாக விற்கிறார்கள். பெட்டியின் மேல் தெரியும் இரண்டு மூன்று அட்டைகள் 1960களைச் சேர்ந்தவையாக இருக்கின்றன. நம்பலாமா?
பிளேனோ, டெக்சாஸ்

பதில்: விற்பவர் புகைப்படம் எடுப்பதற்காக மேலே அடுக்கிய அந்த மூன்று அட்டைகளைத் தேர்ந்தெடுத்தபோதே பெட்டியைத் தேடிப் பார்த்துவிட்டார் என்பதை நினைவில் வையுங்கள். நீங்கள் வாங்கப்போவது பெரும்பாலும் அந்த மூன்றையும், அவற்றின் அடியில் மேலே எடிசன் வாசகர் வாங்கியது போன்ற பதரையும்தான்.

நான் இருபது ஆண்டுகளாக இந்தப் பெட்டிகளைக் கிளறுகிறேன். யாரும் புடைக்காத பெட்டி என்று ஒன்று அபூர்வமாகவே உண்டு. ஆகவே 'இது புடைத்ததா' என்று கேட்பதைக் காட்டிலும், 'இதை யார், எந்த ஆண்டில், எந்தச் சல்லடையால் சலித்தார்' என்று கேட்பதே பயன் தருகிறது. கடிதம் எழுதிய பலருக்கும் நான் சொல்ல விரும்புவது இந்த ஒன்றைத்தான்.

முதலில், சலித்திருக்கிறார்களா என்று கண்டுபிடிக்கும் வழி. டாப்ஸ் நிறுவனம் நெடுங்காலமாக முன்னணி வீரர்களுக்கு முழு எண்களை ஒதுக்கி வந்தது. நூறிலும் ஐம்பதிலும் முடியும் எண்கள் பெரும்பாலும் உச்ச நட்சத்திரங்களுக்குரியவை. மேண்டிலின் எண் 1961இல் 300, 1962இலும் 1963இலும் 200, 1964இல் 50, 1965இல் 350, 1966இல் மீண்டும் 50, 1967இல் 150, 1969இல் 500. எண் வரிசையில் அடுக்கிய ஒரு பெட்டியில் 198, 199, 201, 202 ஆகியவை இருந்து 200 மட்டும் இல்லையென்றால், உங்களுக்கு முன்பே ஒருவர் வந்துவிட்டுப் போயிருக்கிறார். 100, 150, 200, 250 என்று நான்கைந்து இடங்களை மட்டும் விரலால் தொட்டுப் பார்க்க ஒரு நிமிடம் போதும்; விற்பவருக்கு நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்பதுகூடத் தெரியாது. அந்த எண்களும் இருக்கின்றன, ரப்பர் பேண்ட் இறுகிய தடமும் இருக்கிறது, ஆண்டுகள் ஒழுங்கின்றிக் கலந்தும் கிடக்கின்றன என்றால், அது ஒரு சிறுவன் விட்டுச் சென்றபடியே இருக்கும் பெட்டியாகலாம். கடைக்காரர் ரப்பர் பேண்ட் போடமாட்டார்.

அடுத்தது, சலித்தவரின் சல்லடைக் கண் எவ்வளவு பெரியது என்பது. 1995இல் விலைப்பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு பெட்டியைச் சலித்தவர், 1986 டான்ரஸ் தொகுப்பின் 39ஆம் எண் ஹோசே கன்சேக்கோ அட்டையைப் பொன்போல எடுத்துக்கொண்டு, அன்று பட்டியலில் சில சென்ட்டுகளே போட்டிருந்தவற்றை விட்டுவிட்டுப் போயிருப்பார். கன்சேக்கோவின் விலை பின்னர் சரிந்தது. விட்டுப்போனவற்றில் சில ஏறின. பேஸ்பால் மட்டுமே அறிந்த வியாபாரியின் 'எதை எடுத்தாலும் ஒரு டாலர்' பெட்டியில் ஹாக்கியும் கூடைப்பந்தும் சலிக்கப்படாமல் கிடக்கும். நட்சத்திரங்களின் பெயரை மட்டும் பார்த்துச் சலிக்கும் நன்கொடைக் கடை (நன்கொடையாக வரும் பழைய பொருள்களை விற்கும் கடை) ஊழியர், பலர் தலையும் சேர்ந்த புதுமுக அட்டைகளைத் தவறவிடுவார்: 1963 டாப்ஸ் 537ஆம் எண்ணில் நான்கு தலைகளுள் ஒன்று பீட் ரோஸ், 1968இல் 177ஆம் எண்ணில் இருவருள் ஒருவர் நோலன் ரயன், 1982இல் 21ஆம் எண்ணில் மூவருள் ஒருவர் கேல் ரிப்கன். என் பிஸ்கட் டப்பாவில் ஜானி பெஞ்ச் தங்கியிருந்ததும் இப்படித்தான்.

பெயரையே நம்பாமல் எண்ணைப் பார்க்க இன்னொரு காரணமும் உண்டு. 1970களின் தொடக்கம் வரை டாப்ஸ் தன் தொகுப்பை ஆட்டப் பருவம் முழுவதும் பகுதி பகுதியாக வெளியிட்டது. செப்டம்பர் வாக்கில் கடைசிப் பகுதி வரும்போது பிள்ளைகள் அமெரிக்கக் கால்பந்துக்குத் தாவிவிடுவார்கள். கடைகளும் குறைவாகவே வாங்கும். அதனால் தொகுப்பின் இறுதி எண்களில் வரும், யாருக்கும் தெரியாத வீரரின் அட்டைக்கும் ஒரு விலை உண்டு. இவற்றைப் புகழ்பெயர் தேடும் கை எப்போதும் விட்டுவிடும்.

கேள்வி: எஸ்டேட் விற்பனையில் (மறைந்தவர் வீட்டுப் பொருள்களை விற்கும் விற்பனை) ஓர் உறை நிறையப் பழைய அட்டைகள் கிடைத்தன. எதிலும் ஆண்டு அச்சிடப்படவில்லை. இவை எந்த ஆண்டைச் சேர்ந்தவை, அசலா மறுபதிப்பா என்று எப்படி அறிவது? ஒன்றில் மிக்கி மேண்டில் படம் இருக்கிறது, கை நடுங்குகிறது.
நேப்பர்வில், இல்லினாய்

பதில்: நடுங்கும் கையால் ஓர் அளவுகோலை எடுங்கள். 1957 முதல் பெரும்பாலான அட்டைகள் இரண்டரை அங்குல அகலமும் மூன்றரை அங்குல உயரமும் கொண்டவை. 1952ஆம் ஆண்டு டாப்ஸ் அசல் அதைவிடப் பெரியது: அகலம் 2⅝ அங்குலம், உயரம் 3¾ அங்குலம். டாப்ஸ் நிறுவனமே 1983இல் அந்தத் தொகுப்பை மறுபதிப்பாக வெளியிட்டபோது, இன்றைய வழக்கமான சிறிய அளவில் அச்சிட்டது. உங்கள் மேண்டில் அந்த 1952ஆம் ஆண்டு அட்டையாகத் தோன்றி, மூன்றரை அங்குல உயரமே இருந்தால் நடுக்கத்தை நிறுத்திக்கொள்ளலாம்.

ஆண்டைக் கண்டுபிடிப்பது எளிது. அட்டையின் பின்புறத்தில் வீரரின் ஆட்டக் கணக்குகள் ஆண்டுவாரியாக இருக்கும். கடைசி வரி 1968 என்றால் அட்டை பெரும்பாலும் 1969இல் வெளியானது. புதுமுகங்களின் அட்டையில் கணக்கு இல்லையென்றால், அதே வடிவமைப்பில் உள்ள வேறொரு மூத்த வீரரின் அட்டையைத் திருப்பிப் பாருங்கள்.

அளவு சரியாக இருந்தால் அடுத்த வேலை பத்து மடங்கு பெரிதாக்கும் கண்ணாடிக்கு. பழைய அசல் அட்டைகளில் படம் வண்ணப் புள்ளிகளால் ஆனதாக இருந்தாலும், கறுப்பு எழுத்துகளும் கோடுகளும் தனி மையில் அழுத்தமாக, ஓரம் சிதறாமல் அச்சாகியிருக்கும். அசலைப் படம் பிடித்து மறுபடி அச்சிட்ட போலியில் எழுத்துகளும் புள்ளிகளாகச் சிதறித் தெரியும். 1986ஆம் ஆண்டு ஃப்ளீர் கூடைப்பந்துத் தொகுப்பின் 57ஆம் எண்ணான மைக்கேல் ஜோர்டன் அட்டையை மலிவுப் பெட்டியில் கண்டால் முதலில் இந்தச் சோதனையைச் செய்யுங்கள். இந்தத் துறையில் அதிகம் போலி செய்யப்பட்டவற்றுள் அது ஒன்று. ஒரே தொகுப்பைச் சேர்ந்த, சந்தேகத்துக்கு இடமில்லாத ஒரு சாதாரண வீரரின் அட்டையை அருகில் வைத்து ஒப்பிடுவது எந்த நூலைவிடவும் உதவும். கள்ளர் யாரும் விலையில்லாத அட்டையைப் போலி செய்வதில்லை. அந்தச் சாதாரண அட்டையை மேலே பொருத்திப் பார்த்தால், கூர்மையான மூலை வேண்டி யாராவது ஓரத்தைச் சீவியிருந்தாலும் தெரிந்துவிடும். 1909 முதல் 1911 வரை சிகரெட் பொட்டலங்களில் வந்த ஹோனஸ் வாக்னர் அட்டைகளுள் மிகப் புகழ்பெற்ற பிரதியே ஓரம் சீவப்பட்டதுதான் என்பதை, அதைக் கைமாற்றிய ஏலக்காரர் 2013இல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். அதற்கு முன் அந்தப் பிரதிக்கு உயர்ந்த தரமதிப்பு வழங்கப்பட்டிருந்தது.

கேள்வி: இங்கே கனடாவில் பேஸ்பாலைவிட ஹாக்கி அட்டைகளே பழைய பொருள் கடைகளில் மிகுதி. அமெரிக்க அட்டைகளுக்குச் சொல்லும் அறிவுரை இவற்றுக்கும் பொருந்துமா?
ஸ்கார்பரோ, டொரான்டோ

பதில்: பொருந்தும், அதோடு உங்களுக்கு ஒரு கூடுதல் வாய்ப்பும் உண்டு. டாப்ஸின் வடிவமைப்பைக் கொண்டே ஒன்டாரியோவின் லண்டன் நகரில் இயங்கிய ஓ-பீ-சீ நிறுவனம் கனடாவுக்கான அட்டைகளை அச்சிட்டது. பின்புறத்தில் ஆங்கிலமும் பிரெஞ்சும் சேர்ந்திருந்தால் அது பெரும்பாலும் ஓ-பீ-சீ என்று கொள்ளலாம். ஹாக்கியில் பொதுவாக அமெரிக்கப் பதிப்பைவிட இதற்கே மதிப்பு அதிகம். 1979-80 தொகுப்பின் 18ஆம் எண் வெய்ன் கிரெட்ஸ்கியின் முதல் அட்டை. நீல ஓரம் கொண்டது. ஓ-பீ-சீ பிரதிகளின் ஓரம் வெட்டும் முறையால் சொரசொரப்பாகவே இருக்கும், அதைக் குறையென்று நினைத்துத் தேய்த்துச் சரிசெய்ய முயல வேண்டாம். அப்படியொரு பிரதி, மிக உயர்ந்த தரத்தில், 2021இல் 37 லட்சத்து 50 ஆயிரம் டாலருக்கு விற்றது.

அதே தொகுப்பின் 16 பெட்டிகள் அடங்கிய, பிரிக்கப்படாத பெரிய பெட்டி ஒன்று சஸ்காச்சுவான் மாகாணத்தின் ரிஜைனா நகரில் ஒரு வீட்டில் கிடைத்து, 2024 பிப்ரவரியில் 37 லட்சம் அமெரிக்க டாலருக்கு மேல் ஏலம் போனது. ஆனால் அது தற்செயலாக விழுந்த பனம்பழம் என்று எண்ணிவிடக் கூடாது. அந்த வீட்டில் பல ஆண்டுகள் வாங்கிச் சேர்த்த ஒருவர் இருந்தார். சேகரிப்பாளர் வாழ்ந்த வீட்டின் விற்பனைக்கு முதல் ஆளாகப் போவது, பத்து நன்கொடைக் கடைகளை வலம் வருவதைவிட மேல்.

கேள்வி: என் மகள் நன்கொடைக் கடையில் 6 டாலருக்கு ஒரு பை நிறையக் கூடைப்பந்து அட்டைகள் வாங்கினாள். 1990களின் பின்பாதியைச் சேர்ந்தவை போலத் தெரிகிறது. சில கண்ணாடிபோலப் பளபளக்கின்றன. இவையும் நியூ ஜெர்சி வாசகரின் பெட்டியைப் போன்றவைதானா?
ஃப்ரீமான்ட், கலிபோர்னியா

பதில்: இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் என்னைப் பொறாமைப்பட வைத்தது இதுதான். மிகுதியாக அச்சடித்த காலத்தில் கையைச் சுட்டுக்கொண்ட நிறுவனங்கள், 1990களில் பொதுத் தொகுப்போடு மிகச் சிறிய எண்ணிக்கையிலான சிறப்பு அட்டைகளையும் கலந்து வெளியிடத் தொடங்கின. அன்றைய சிறுவர்களுக்கு அவை வெறும் மினுமினுப்பு. அவர்கள் வீட்டைக் காலி செய்யும் பெற்றோருக்கு இன்றும் அப்படியே. ஆகவே மலிவுப் பைகளில் உண்மையான மணிகள் கிடைக்கும் வாய்ப்பு 1960களைவிட 1990களின் பின்பாதியில்தான் அதிகம் என்பது என் அனுபவம்.

மூன்று செயல்களைச் செய்யுங்கள். பளபளக்கும் ஒவ்வொன்றையும் விளக்கின் கீழ் சாய்த்துப் பாருங்கள். வானவில் நிறங்கள் ஓடினால் அது 'ரிஃப்ராக்டர்' என்னும் சிறப்பு வகையாக இருக்கலாம். 1996-97 டாப்ஸ் குரோம் போன்ற தொகுப்புகளில் பின்புறம் எண்ணுக்கு அருகே அந்தச் சொல்லைச் சிறிய எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். அந்தத் தொகுப்பின் 138ஆம் எண் கோபி பிரயன்ட்டின் முதல் ஆண்டு அட்டை, ரிஃப்ராக்டராக இல்லாவிட்டாலும் மதிப்புள்ளது. 1993இல் வந்த முதல் ஃபைனஸ்ட் பேஸ்பால் தொகுப்பில் அந்தச் சொல் இருக்காது என்பதால் அதைச் சாய்த்துப் பார்த்தே அறிய வேண்டும். அடுத்து, எல்லா அட்டைகளையும் திருப்பி, மொத்தப் பிரதிகளில் இது எத்தனையாவது என்று காட்டும், சாய்கோட்டுடன் கூடிய வரிசை எண் இருக்கிறதா என்று தேடுங்கள். 1997-98 மெட்டல் யுனிவர்ஸ் தொகுப்பில் ஒவ்வொரு வீரருக்கும் 100 பிரதிகள் மட்டும் அச்சிட்ட ஒரு தொடர் உண்டு. முதல் 10 பச்சை, மீதி 90 சிவப்பு. அதில் ஒன்று, யாருடையதாக இருந்தாலும், கிடைத்தால் எனக்குக் கடிதம் எழுதும் முன்னர் அதைக் கெட்டியான பிளாஸ்டிக் உறைக்குள் வையுங்கள்.

மூன்றாவது, வெப்பமான கராஜில் கிடந்த பளபளப்பு அட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே கட்டியாகிவிடும். அவற்றைப் பிய்க்க வேண்டாம். கட்டியை இரு கையாலும் பிடித்து மெல்ல, மிக மெல்ல, முன்னும் பின்னும் வளைத்தால் பெரும்பாலும் தாமாகவே விடுபடும். அவசரப்பட்டு நகத்தால் பிரித்த ஒரு கென் கிரிஃபியின் முகம் பக்கத்து அட்டையின் முதுகோடு போய்விட்டதை நான் இன்னும் மறக்கவில்லை.

புதிய அட்டைகளும் பையில் இருந்தால் ஒரு சொல்: 2011 டாப்ஸ் அப்டேட் தொகுப்பில் மைக் ட்ரவுட்டும், 2018 அப்டேட்டில் ஷோஹெய் ஓட்டானி, ஹுவான் சோட்டோ ஆகியோரும் இருக்கிறார்கள். அண்மைக்கால டாப்ஸ் அட்டைகளில் ஒரே எண்ணுக்கு வேறு படத்துடன் குறைந்த எண்ணிக்கையில் மாற்றுப் பிரதிகள் வருகின்றன. பின்புறத்தின் அடியில் உள்ள மிகச் சிறிய குறியீட்டு எண்ணின் கடைசி இலக்கங்கள் மட்டுமே அவற்றைக் காட்டிக்கொடுக்கும்.

பெயர் தெரியாமலே விலை ஏறும் அட்டைக்கு ஒரு விசித்திரமான எடுத்துக்காட்டு: 1990 ஹூப்ஸ் தொகுப்பின் 205ஆம் எண், நியூயார்க் நிக்ஸ் அணியின் மார்க் ஜாக்சன். ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் யாரும் சீண்டாத அட்டை. அவருக்குப் பின்னால் ஆடுகளத்தை ஒட்டிய இருக்கைகளில் அமர்ந்திருப்பவர்கள், 1989இல் பெற்றோரைக் கொன்ற மெனன்டெஸ் சகோதரர்கள் என்பது 2018இல்தான் பரவலாகத் தெரிய வந்தது. சில சென்ட்டுகளுக்குக் கிடந்தது டாலர்களில் விலைபோகத் தொடங்கியது. கொலையாளிகளின் படத்துக்காக அட்டை வாங்கும் அந்த ஆசை எனக்குப் பிடிக்கவில்லை; ஆனால் 2017இல் சலித்த பெட்டிகளில் எல்லாம் அது இன்னும் கிடக்கிறது என்பதைச் சொல்லாமல் விட்டால் கேள்விக்கு முழுப் பதிலாகாது.

கேள்வி: எண்பது வயதுப் பாட்டி ஒருவர் தம் மறைந்த கணவரின் அட்டைகளை 10 டாலர் என்று சொல்கிறார். அவற்றின் மதிப்பு நூற்றுக்கணக்கில் என்பது எனக்குத் தெரிகிறது. பேசாமல் வாங்கிக்கொண்டு வருவது சரியா?
ஆஸ்டின், டெக்சாஸ்

பதில்: 1990இல் இல்லினாய் மாநிலத்தில் ஓர் அட்டைக் கடையில் 1,200 என்று குறித்திருந்த நோலன் ரயன் முதல் அட்டையை, அனுபவமில்லாத ஊழியர் ஒருவர் 12 டாலர் என்று தவறாகப் புரிந்துகொண்டு 12 வயதுச் சிறுவனுக்கு விற்றுவிட்டார். கடைக்காரர் வழக்குத் தொடுத்தார். விசாரணை நடந்துகொண்டிருந்தபோதே இரு தரப்பும் சமரசம் செய்துகொண்டு, அட்டையை ஏலம் விட்டு அந்தப் பணத்தை அறப்பணிக்குக் கொடுத்துவிட்டன. ஆகவே சட்டம் என்ன சொல்லியிருக்கும் என்பது தீர்ப்பாக வரவில்லை.

அங்கே விற்றவர் வியாபாரி; அவருடைய தவறுக்கு அவரே பொறுப்பு என்று வாதாட இடமுண்டு. உங்கள் பாட்டியின் நிலை வேறு. நான் கடைப்பிடிக்கும் வழக்கம் இது: கலந்துகட்டிய பெட்டியை, உள்ளே என்ன இருக்கிறது என்று எனக்கும் முழுதாகத் தெரியாமல், கேட்ட விலைக்கு வாங்கினால் அந்த லாபமும் நட்டமும் என்னுடையவை. குறிப்பிட்ட ஓர் அட்டையைக் கண்ணால் கண்டு, அதன் விலையும் எனக்குத் தெரிந்து, விற்பவருக்குத் தெரியாது என்பதும் தெரிந்தால், "அம்மா, இதைத் தனியாக எடுத்து வையுங்கள், இது விலையுள்ளது" என்று சொல்லிவிட்டு, சந்தை விலையில் பாதியைத் தரத் தயார் என்று கேட்பேன். ஒருமுறை அப்படிச் சொன்னபோது அந்த அம்மையார் அட்டையை விற்க மறுத்துவிட்டு, மீதிப் பெட்டியை எனக்கு இலவசமாகவே கொடுத்தார். இன்னொரு முறை, நன்றி என்றுகூடச் சொல்லாமல் எல்லாவற்றையும் உள்ளே எடுத்துப் போய்விட்டார்கள். இரண்டுக்கும் தயாராக இருங்கள்.

கேள்வி: கிடைத்த அட்டைகளை எல்லாம் தரமதிப்பீட்டு நிறுவனத்துக்கு அனுப்பி, கெட்டி உறையில் போட்டு வாங்கினால் விலை கூடும் என்கிறார்களே?
அட்லாண்டா, ஜார்ஜியா

பதில்: சுண்டைக்காய் கால்பணம், சுமைகூலி முக்கால்பணம். கட்டணமும் அஞ்சலும் காப்பீடும் சேர்ந்து ஓர் அட்டைக்கு 30 டாலரை எளிதில் தொட்டுவிடும். மலிவுப் பெட்டியில் கிடைக்கும் அட்டை, பெட்டிக்குள் இத்தனை ஆண்டுகள் உரசிக் கிடந்ததாலேயே உயர்ந்த தரம் பெறுவது அரிது. பத்துக்கு எட்டுக்கும் கீழ் மதிப்பு வந்தாலும் லாபம் தரும் அட்டையா என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆம் என்றால் மட்டும் அனுப்புங்கள். கணக்குப் போடும்போது ஈபேயில் கேட்கும் விலையைப் பார்க்காமல், விற்று முடிந்தவற்றின் பட்டியலை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு லட்சம் டாலர் என்று எவரும் கேட்கலாம்.

கேள்வி: லாபத்துக்கு வரி உண்டா?
ஃபீனிக்ஸ், அரிசோனா

பதில்: உண்டு. ஓராண்டுக்கு மேல் வைத்திருந்து விற்ற சேகரிப்புப் பொருள்களின் லாபத்துக்கு அமெரிக்கக் கூட்டரசு வரி அதிகபட்சம் 28 விழுக்காடு. ஓராண்டுக்குள் விற்றால் உங்கள் வழக்கமான வருமானத்தோடு சேர்ந்துவிடும். கராஜ் விற்பனையில் ரசீது தரமாட்டார்கள் என்பதால், வாங்கிய நாளும் விலையும் அன்றே ஒரு குறிப்பேட்டில் ஏறட்டும்.

கேள்வி: சென்னையில் பழைய புத்தகக் கடைகளில் எப்போதாவது சிகரெட் பொட்டலத்தில் வந்த கிரிக்கெட் அட்டைகள் தென்படுகின்றன. இவற்றுக்கும் இதே மதிப்பு உண்டா?
மயிலாப்பூர், சென்னை

பதில்: பெரும்பாலும் இல்லை. பிரிட்டனின் ஜான் பிளேயர் நிறுவனம் 1934இலும் 1938இலும் வெளியிட்ட ஐம்பது அட்டைத் தொகுப்புகளில் பிராட்மன் இருந்தும், அவை இன்றும் மலிவாகவே கிடைக்கின்றன. அன்றே மக்கள் அவற்றை ஆல்பத்தில் ஒட்டிப் பாதுகாத்ததே காரணம். நியூ ஜெர்சி வாசகரின் பெட்டிக்கு நேர்ந்ததுதான் இதற்கும். 1890களில் வெளியான வில்ஸ் அட்டைகள் கிடைத்தால் கவனியுங்கள். ஆல்பத்திலிருந்து நீரில் நனைத்துப் பிரிக்க வேண்டாம். ஆல்பத்தோடு சேர்த்தே வாங்குவோர் இருக்கிறார்கள்.

கேள்வி: தேடி முடித்தாயிற்று. விலையில்லாத 8,000 அட்டைகள் வீட்டில் நிற்கின்றன. மனைவி ஒரு வாரக் கெடு கொடுத்திருக்கிறார். என்ன செய்யலாம்?
கொலம்பஸ், ஒகையோ

பதில்: ஒரு வாரம் போதும். அணிவாரியாகப் பிரித்து, சின்சினாட்டி, கிளீவ்லாந்து என்று உங்கள் பகுதி அணிகளின் கட்டுகளைக் கட்டுக்கு ஐந்து டாலர் என்று உள்ளூர் விளம்பரத்தில் போடுங்கள். அந்த அணியின் ரசிகர்கள் விலையைப் பாராமல் நினைவுக்காக வாங்குவார்கள். மற்றவற்றைச் சிறுவர் பேஸ்பால் பயிற்சி நடக்கும் இடத்துக்கோ நூலகத்தின் குழந்தைகள் பகுதிக்கோ கேட்டுவிட்டுக் கொடுங்கள். ஹாலோவீன் இரவில் மிட்டாயோடு பத்துப் பத்தாகக் கொடுப்பதும் எங்கள் தெருவில் வரவேற்பைப் பெற்றது. அதற்கும் மிஞ்சுபவை மறுசுழற்சித் தொட்டிக்குப் போகட்டும். தூக்கிப் போடும் முன் 1990 டாப்ஸ் கட்டில் 414ஆம் எண்ணை மட்டும் எடுத்து, முன்பக்கத்தில் பெயர் அச்சாகியிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.